ஏழு வார்த்தையில் ஒரு சேதி

வெள்ளி, ஐப்பசி 22

விடிந்ததிலிருந்து தூறல். ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதிக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. எண்ணெய் வாங்க வேண்டும். நேற்றும் இதையேதான் எழுதி வைத்திருக்கிறேன், வாங்கினால்தானே.

ஜும்ஆவுக்குப் போகும் முன் வாரப் பட்டியல். பேஸ்புக்கில் என் 'கரைச்சேதி' பக்கத்தில் வெள்ளி தோறும் 'இந்த வாரம் ஊர் பகிர்ந்தது'. நாலு வருஷமாக விட்டதில்லை, காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட. எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று: எந்தச் சேதியும் ஏழு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் நம் ஜனம் படிக்காது, கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போய்விடும்.

இந்த வாரம்:

1. கரை ஒதுங்கிய ராட்சத மீன்: உண்மை இல்லை. (எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். மூன்று பேரும் கடற்கரைக்குப் பத்து நிமிஷ தூரத்தில் குடியிருப்பவர்கள். எழுந்து போய்ப் பார்த்தால் கால் தேய்ந்துவிடுமா?)

2. மழைக்கு ஏ.டி.எம். அறையில் ஒதுங்கிய கன்றுக்குட்டி. (உண்மை. நானே பார்த்தேன். ஏ.சி.யில் சுகமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. பணம் எடுக்க வந்தவர் வெளியே நனைந்துகொண்டு நிற்கிறார்.)

3. நாளை லீவு நாகப்பட்டினத்துக்கு, நமக்கு இல்லை. (வருஷா வருஷம் இதே கூத்து. நம் காரைக்கால் புதுச்சேரி ஆட்சி, சுற்றிலும் தமிழ்நாடு. எல்லையில் பூவம் தாண்டினால் வேறு அரசாங்கம். டி.வி. சொல்வதெல்லாம் நமக்கும்தான் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் உட்காரவைக்கிற பெற்றோர்களை என்ன சொல்ல.)

4. ஒரே காம்பில் ஏழு கத்திரிக்காய்.

5. பயிர்க் காப்பீடு: கடைசி நாள் மாதக் கடைசிக்கு நீட்டிப்பு.

ஐந்தாவதைப் போட்டதில் ஒரு சந்தோஷம். நாளைதான் கடைசி நாள் என்று கடைக்கு வெளியே அட்டையே எழுதித் தொங்கவிட்டிருந்தேன். மழையில் வி.ஏ.ஓ.க்கள் எல்லாம் வெள்ள டியூட்டிக்குப் போய்விட, கையெழுத்துக்கு அலைகிற ஜனத்தைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்கவில்லை. அட்டையைக் கழற்றி உள்ளே வைத்தாயிற்று.

தொழுதுவிட்டு வந்ததும் மல்லிகா போன். அம்பகரத்தூர். ஆறு மா (இரண்டு ஏக்கர்) சம்பா நெல். கணவருக்கு இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார், வயல் முழுக்க இவர் பொறுப்பு. ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் நேற்றே என்னிடம் ஜெராக்ஸ் எடுத்து வைத்தாயிற்று. அடங்கல் மட்டும் பாக்கி. இந்த வயலில் இந்தப் பயிர்தான் என்று வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டுத் தருகிற தாள். அது இல்லாமல் பதிவு ஏறாது.

"பாய், தேதிய தள்ளி வெச்சிருக்காங்களாமே? பேஸ்புக்ல போட்டுருக்கு."

"ஆமாம்மா, நானும் பார்த்தேன்."

"நெசந்தானே? இல்லன்னா சொல்லிடுங்க, வி.ஏ.ஓ. வர்ற வரைக்கும் ஆபீஸ் வாசல்லயே உக்காந்து வாங்கியாந்துடுறேன். பூவத்துல தங்கச்சி மவளுக்கு நாளைக்கி வளகாப்பு, வளையல் அடுக்குறாங்க. போவாம இருக்கலாம்னுதான் இருந்தேன்."

"நல்லா போய்ட்டு வாங்க. திங்கக்கெழம பொறுமையா பண்ணிக்கலாம்."

கரைச்சேதி நான் நடத்துவது என்று மனைவி மைமூனைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் தொடங்கும் முன் ஒருமுறை சாக்கடை பற்றி என் பேரில் எழுதப்போய், நாலு பேர் கடை வாசலில் வந்து சத்தம் போட்டதிலிருந்து பேர் போடக் கூடாது என்பது மைமூனின் கட்டளை. அதனால்தான் 'நானும் பார்த்தேன்' என்று சொல்லிப் பழகிவிட்டது.

சனி, ஐப்பசி 23

மழை விட்டு விட்டு. கடையில் ஈ ஓட்டினேன்.

கன்றுக்குட்டிக்குத்தான் அதிக வரவேற்பு. காப்பீட்டுச் சேதிக்கும் குறைவில்லை. 'நன்றி அட்மின்', 'காலத்தில் சொன்னீர்கள்', கும்பிடுகிற கை பத்துப் பன்னிரண்டு. ஒருத்தர் மட்டும் 'இது காரைக்காலுக்குமா?' என்று கேட்டிருந்தார். அதற்கு இன்னொருத்தர் 'மத்திய அரசுத் திட்டம் நண்பரே, எல்லாருக்கும்தான்' என்று பதில். சரிதான் என்று அதற்கு ஒரு லைக் போட்டேன்.

மைமூன்: "ஊருக்கே சேதி சொல்றவருக்கு வீட்டுல கேஸ் தீர்ந்தது தெரியாது. மூணு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

கேஸ் புக் செய்தேன்.

ஞாயிறு, ஐப்பசி 24

படகு எதுவும் போகவில்லை. மீன் இல்லை. கருவாடும் கத்திரிக்காயும். (ஒரே காம்பில் காய்த்தது இல்லை.) மத்தியானம் நல்ல தூக்கம். எழுத வேறு ஒன்றும் இல்லை.

திங்கள், ஐப்பசி 25

வெயில் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியாமல் போயிற்று.

பத்து மணிக்கு மல்லிகா. பிளாஸ்டிக் கவருக்குள் காலையில் வாங்கிய அடங்கல், கையெழுத்தோடு. கை நிறையக் கண்ணாடி வளையல். "தங்கச்சி வுடல பாய், எனக்கும் போட்டு வுட்டுட்டா" என்று வெட்கப்பட்டுச் சிரிப்பு. எனக்கும் மைமூனுக்கும் ஒரு டப்பாவில் கலவைச் சாதம் வேறு.

காப்பீட்டுத் தளத்தைத் திறந்தேன். மாநிலம் புதுச்சேரி, மாவட்டம் காரைக்கால், பயிர் நெல். பதிவுக் காலம் முடிந்துவிட்டது என்று சிவப்பில் வந்தது. நெட் கோளாறு என்று சொல்லிவிட்டு மறுபடி. மறுபடி. நாலாவது தடவை மல்லிகாவே எட்டிப் பார்த்தார்.

"செவப்பா என்னா பாய் போட்டுருக்கு?"

அப்புறம்தான் அந்த மூலச் செய்தியைத் தேடி எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நானே படித்தது. 'பயிர்க் காப்பீடு: தமிழ்நாட்டு விவசாயிகளுக்குக் கடைசி நாள்...' என்று ஆரம்பிக்கிறது. ஏழு வார்த்தைக்குள் அடக்க வேண்டுமே என்று நடுவில் இருந்த இரண்டைத் தூக்கியது என் கை. நான்தான் தூக்கினேன். கட்டும் வேண்டாம், பேஸ்ட்டும் வேண்டாம் என்று எவனாவது அந்த நேரத்தில் என் கையில் ஒரு போடு போட்டிருக்கக் கூடாதா.

அதே பட்டியலில் மூன்றாவது சேதி லீவு! நாகப்பட்டினத்து லீவை நம் லீவு என்று நினைக்கிற ஜனத்தை நக்கல் அடித்துவிட்டு, இரண்டு வரி தள்ளி அதே வேலையை நான் செய்திருக்கிறேன். அட முண்டமே.

மல்லிகாவிடம் சொன்னது: "தேதி தள்ளி வெச்சது தமிழ்நாட்டுக்கு மட்டுமாம். நமக்கு இல்லையாம்."

சொல்லாதது: மற்றதெல்லாம்.

மல்லிகா வளையலைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு: "வெள்ளிக்கெழம ஆபீஸ் வாசல்ல உக்காந்துருந்தேன்னா கெடச்சிருக்கும். அன்னிக்கி சாயங்காலம் வந்துட்டுப் போனாராம் வி.ஏ.ஓ." அதற்கப்புறம் என்னைப் பார்த்து, "நீங்களும் அத நம்பி ஏமாந்துட்டீங்க பாரு பாய். உங்களையே ஏமாத்திப்புட்டானுவோ."

கலவைச் சாதம் இறங்கவில்லை. மைமூன் சாப்பிட்டாள்.

சாயங்காலம் பதிவை அழித்துவிட்டேன். சத்தமில்லாமல். பக்கத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

செவ்வாய், ஐப்பசி 26

மூட்டம். தெற்கே கருப்பு.

கடையைச் சாத்திவிட்டு மல்லிகாவோடு வேளாண் அலுவலகம். நானாகத்தான் வருகிறேன் என்றேன். ஏதாவது வழி இருக்கும், ஒரு மனு, ஒரு சிறப்பு அனுமதி. ஆட்டோவில் போகும்போது மல்லிகா எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். "வேல வெட்டிய வுட்டுட்டு வர்றீங்களே பாய்." வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், பேப்பரை எல்லாம் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா தளம் மூடியாச்சு. எங்க கையில இல்ல. முன்னாடியே வந்திருக்கலாமே?"

"தேதி தள்ளிப் போயிருக்குன்னு பேஸ்புக்ல போட்டுருந்துச்சு சார்."

"எவன் அவன்? இந்த வாரத்துல நீங்க ரெண்டாவது ஆளு. இந்த அட்மின்னு சொல்லிக்கிறவனுங்கள எல்லாம் புடிச்சு உள்ள வைக்கணும். ஒரு போன் பண்ணிக் கேட்டா சொல்ல மாட்டமா?"

மல்லிகா உடனே: "பாவம் சார், வுடுங்க. அவனும் யாரு பெத்த புள்ளையோ. நாலு பேருக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டுருப்பான்."

நான் பக்கத்து நாற்காலி. ஒரு அடி தூரம். அதிகாரி என்னைப் பார்த்து, "என்னங்க பாய், நீங்க ஆன்லைன் சென்டர்தான? அவன் யாருன்னு உங்களுக்குக்கூடத் தெரியாதா?" என்றார்.

"விசாரிக்கிறேன் சார்."

விசாரிக்கிறேனாம். சொன்ன வாயை என்ன செய்வது?

அந்த ரெண்டு பேரில் முதல் ஆள் யார் என்று கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை. அவர் சிட்டா திருத்தத்தில் மாட்டி, எப்படியும் பதிவு ஏறியிருக்காது என்று வெளியே வரும்போது ப்யூன் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஒரு நிம்மதி. எவ்வளவு கேவலம்.

மல்லிகா பஸ் ஏறும்போது சொன்னது: "மழ மட்டும் பெருசா இல்லாம இருந்தா போதும் பாய். காப்பீடு இல்லன்னா என்னா, வெளைஞ்சா சரி."

வீட்டில் மைமூனிடம் எல்லாம் சொன்னேன், நல்லது நினைத்துத்தான் போட்டேன் என்பதையும். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில்:

"உங்க நிய்யத்து நல்லதுதான். அத நான் சொல்லலாம், அந்தப் பொண்ணு சொல்லலாம். நீங்களே சொல்லிக்கக் கூடாது."

"பேரு போடக் கூடாதுன்னு சொன்னது யாரு? நீதானே?"

"சாக்கடைக்குச் சொன்னேன். இதுக்கா சொன்னேன்?"

சண்டை. 

புதன், ஐப்பசி 27

மழை. மழை. மழை.

கடை திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். போனில் வந்தது எல்லாம்: மிதக்கும் ஸ்கூட்டர், தண்ணீரில் சேர் போட்டு டீ குடிக்கிற ஆள், புயலுக்கு யார் பேர் வைத்தது என்று ஒரு தகராறு. லீவு, இந்த முறை நமக்கே. எல்லாரும் கரைச்சேதிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எதையும் போடவில்லை.

மத்தியானம் அம்பகரத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வீடியோ. யாரோ எடுத்தது. வரப்பு தெரியவில்லை, வாய்க்கால் எது வயல் எது தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர். 'எங்க ஊரு கடல் ஆயிடுச்சு' என்று சிரிப்புப் பொம்மை நாலு போட்டிருந்தது. அதில் எது மல்லிகாவின் ஆறு மா என்று தேடினேன். எனக்கென்ன தெரியும்? அந்த வயலை நான் பார்த்ததே இல்லை.

மல்லிகாவுக்கு மூன்று முறை போன் எடுத்து மூன்று முறையும் அடிக்கும் முன் வைத்துவிட்டேன்.

மைமூன் டீ கொண்டுவந்து வைத்தாள். நேற்றுக்குப் பிறகு முதல் வார்த்தை: "பயிரு எத்தன நாளு தண்ணியில தாங்கும்?"

"மூணு. மிஞ்சினா நாலு."

"அப்ப நாளைக்கே போங்க."

வியாழன், ஐப்பசி 28

மழை விட்டது. வானம் மட்டும் இன்னும் இறங்கிக்கிடக்கிறது.

எட்டரை பஸ். அம்பகரத்தூரில் இறங்கிக் கேட்டுக் கேட்டுப் போனேன். கைலியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. தண்ணீர் போக வழியே இல்லை. மல்லிகா இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் தள்ளி. கையில் அந்த வளையல்கள் இல்லை. கழற்றி வைத்தாரோ உடைந்ததோ.

"என்னா பாய், இம்மாந் தூரம்? இந்த மழையில!"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை. நேரே சொல்லிவிட்டேன்.

"அந்தப் பக்கம் என்னோடதும்மா. கரைச்சேதி. நான்தான் நடத்துறேன். நான்தான் போட்டேன்."

புரியவில்லை. "எது, என்னா நீங்கதான்?"

"தேதி தள்ளி வெச்ச சேதி. தமிழ்நாட்டுக்குன்னு இருந்துச்சு, அத நான்தான் எடுத்துட்டேன். வேற யாரும் இல்ல."

இழுத்த செடி கையிலேயே இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டே.

"அப்ப நான் போன் போட்டுக் கேட்டப்ப?"

செருப்பைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"நானும் பார்த்தேன்னு சொன்னீங்களே பாய்."

"ஆமாம்மா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. குரல் உயரவே இல்லை.

"தப்பா போட்டதுகூட இருக்கட்டும். யாருக்கும் ஆவுறதுதான். ஆபீசுல நான் அவன் பாவம், யாரு பெத்த புள்ளையோன்னு சொல்றேன். நீங்க பக்கத்து சேர்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கீங்க. என்னைய என்னான்னு நெனச்சீங்க? கிறுக்கச்சின்னா?"

"மன்னிச்சுக்கங்கம்மா."

"போங்க பாய். வேல கெடக்கு."

போகவில்லை. போகத் தெரியவில்லை. செருப்பைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். ஐம்பத்து நாலு வயசு, சர்க்கரை, பதினெட்டு வருஷம் சவூதியில் ஏ.சி. ஆபீசில் ஃபைல் அடுக்கிய கை. ஆகாயத்தாமரை இழுத்தால் வேர் வரும், இல்லை நான் வருவேன். இரண்டு முறை விழுந்தேன். பக்கத்து வயல்காரர் சிரித்தார். மல்லிகா சிரிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு: "அங்கிட்டுப் போவாதீங்க. பள்ளம்."

மத்தியானம் வரை இழுத்தும் பத்தடிகூடத் தெளியவில்லை. எஞ்சின் வைத்து இறைத்தால்தான் உண்டு என்று பக்கத்து வயல்காரர். இருக்கிற எஞ்சின் எல்லாம் அவரவர் வயலில் ஓடுகிறதாம்.

மடித்த கைலி முழுக்கச் சேறு. பஸ்ஸில் கண்டக்டர் என்னைச் சீட்டில் உட்கார விடவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

வெள்ளி, ஐப்பசி 29

காலை வெயில். உடம்பெல்லாம் வலி. மைமூன் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

இன்றும் பட்டியல் நாள். மிதக்கும் ஸ்கூட்டர், டீ குடிக்கும் ஆள், எல்லாம் காத்திருந்தது. ஒன்றையும் தொடவில்லை. போட்டது இது ஒன்றுதான். எத்தனை வார்த்தை என்று எண்ணவில்லை. மறக்காமலிருக்க இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'போன வெள்ளி நான் போட்ட பயிர்க் காப்பீட்டுச் சேதி தப்பு. தேதி நீட்டித்தது தமிழ்நாட்டுக்கு. காரைக்காலுக்கு இல்லை. தமிழ்நாடு என்று இருந்ததை வெட்டியது நான். அதை நம்பிய ஒருவருக்குப் பதிவு தவறிவிட்டது. பிறகு சத்தமில்லாமல் அழித்ததும் நான்தான். இந்தப் பக்கத்தை நடத்துகிறவன் பேர் ஜமால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. திட்ட நினைப்பவர்கள் கடைக்கு வரலாம். ஆயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் திட்டுவதற்கு முன் அம்பகரத்தூர் வரவும். வயல் மூழ்கிக் கிடக்கிறது.'

போடும் முன் மைமூனிடம் படித்துக் காட்டினேன். "கடைப் பேரும் போடணுமா?" என்றாள். அப்புறம் அவளே, "போடுங்க."

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருவதற்குள் போன் சூடாகிவிட்டது. விதவிதமான வசவு. அதில் ஒருவர் என் உம்மாவரை போய்விட்டார், மவுத்தாகிப் பத்து வருஷம் ஆகிறது. 'அட, நீங்கதானா பாய் அது?' என்று கேட்டவர்கள் பாதி. சாக்கடைக் கதைக்கு அப்போது சத்தம் போட்ட நாலு பேரில் ஒருவர், 'இதுவும் நீதானா?' என்று கேட்டிருந்தார். இருக்கட்டும்.

அதிகம் பகிர்ந்தது இந்த வாரம் இதைத்தான். கன்றுக்குட்டியைத் தாண்டிவிட்டது.

மூன்று மணிக்குப் பூவத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "எஞ்சின் இருக்கு. எங்க வயலு வடிஞ்சிடுச்சு. உங்கள நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் போன் போட்டேன். முதல்ல எடத்தச் சொல்லுங்க."

லோடு ஆட்டோ பிடித்து எஞ்சினோடு அம்பகரத்தூர். வழி நெடுகக் கேள்வி கேட்டார் அவர். நியாயமான கேள்விகள். கொம்யூன் பஞ்சாயத்திலிருந்தும் வாய்க்கால் வார ஒரு இயந்திரத்தை அனுப்பியிருந்தார்கள், அது நான் போட்டதாலா, தானாக வந்ததா, தெரியாது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் மல்லிகா பூவத்துக்காரருக்கு டீ கொடுத்தார். எனக்கும் ஒன்று வைத்தார், கையில் கொடுக்கவில்லை. வரப்பு மேல் வைத்தார். எடுத்துக் குடித்தேன்.

 

சனி, கார்த்திகை 1

வெயில். ஷட்டருக்கு எண்ணெய் போட்டாயிற்று.

எட்டு மணிக்கு போன். மல்லிகா. எப்போதும் 'பாய்' என்றுதான் ஆரம்பிப்பார். இன்று அது இல்லை.

"தல தெரியுது."

பயிரின் தலை. 

"எவ்ளோம்மா?"

"நாலு மா தெரியுது. கீழண்ட ரெண்டு இன்னும் முழுவித்தான் கெடக்கு. பூவத்து அண்ணன் எஞ்சின இன்னிக்கிம் வுட்டுட்டுப் போறேன்னுட்டாரு." அப்புறம், "கார்த்திக முழுசா மழ பாக்கியிருக்கு. இன்னொரு தடவ இப்புடிப் பேஞ்சா கையில ஒண்ணும் இல்ல. பாக்கலாம்."

"ஏதாச்சும் வேணும்னா..."

"போட்டோ அனுப்புறேன். பாருங்க. பாக்குறதுக்குத்தான். அதுல போட்டுடாதீங்க."

"போட மாட்டேம்மா."

வந்தது. கலங்கல் தண்ணீர், அதற்கு மேல் விரல் நீளத்துக்குப் பச்சை, வரிசை வரிசையாக. ஒரு மூலையில் மல்லிகாவின் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.

மைமூன் காட்டச் சொல்லிக் கை நீட்டினாள். இரு என்றேன். மல்லிகாவைக் கேட்டுவிட்டுக் காட்டலாம் என்று திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. வயலில் இருப்பார்.